கீழ் முன்பல்லில் ஈறு இறங்கிவிட்டது: அண்ணத்திலிருந்து திசு எடுத்து ஒட்டச் சொல்கிறார்கள், செய்துகொள்ளலாமா?

பாரியூர் ஆசிரியை, கோபிசெட்டிபாளையம்

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 39. கோபிக்குப் பக்கத்தில் அரசு நடுநிலைப் பள்ளி ஒன்றில் பாடம் நடத்துகிறேன். கீழ் வரிசையின் நடுப்பற்கள் இரண்டில் இடப்பக்கத்துப் பல் மட்டும் நீளமாகத் தெரிவதை நான்கு ஆண்டுகளுக்கு முன்பே கவனித்திருந்தேன். பல்தான் வளர்கிறது என்று அப்போது எண்ணிக்கொண்டேன். வளர்ந்தது பல் அல்ல, இறங்கியது ஈறு என்பது சென்ற மாதம் ஈரோட்டில் ஈறு நோய்ச் சிறப்பு மருத்துவர் ஒருவரிடம் காட்டியபோதுதான் தெரிந்தது.

அவர் கோடுகள் பொறித்த மெல்லிய கம்பி ஒன்றால் அளந்து, ஈறு 3 மில்லிமீட்டர் இறங்கியிருப்பதாகச் சொன்னார். பிறகு கையில் கண்ணாடியைக் கொடுத்துவிட்டு, என் கீழுதட்டை மெல்ல முன்னால் இழுத்தார். இழுக்கும்போதெல்லாம் அந்தப் பல்லின் ஓரத்து ஈறு வெளுத்துப் பல்லை விட்டு விலகுவதை நானே பார்த்தேன். உதட்டையும் ஈறையும் இணைக்கும் சவ்வு மிக மேலே ஒட்டியிருப்பதால், நான் பேசும்போதும் சாப்பிடும்போதும் இந்த இழுப்பு நடந்துகொண்டே இருக்கிறதாம். அந்தச் சவ்வை விடுவித்து, அண்ணத்திலிருந்து ஒரு துண்டு எடுத்து அங்கே வைத்துத் தைக்க வேண்டும் என்கிறார்.

வீட்டில் யாருக்கும் இதில் மனம் ஒப்பவில்லை. என் அமுச்சி 84 வயது வரை உமிக்கரியில் பல் துலக்கியவர்; கடைசிவரை பொரிகடலையைக் கடித்துச் சாப்பிட்டார். அவருக்கு இல்லாத நோய் உனக்கு எங்கிருந்து வந்தது என்று அம்மா கேட்கிறார். எனக்குச் சர்க்கரை நோயோ இரத்த அழுத்தமோ இல்லை. ஒட்டிய திசு பிடிக்குமா, மறுபடியும் இறங்கிவிடாதா, இரண்டு வாரத்தில் வகுப்பில் நின்று பேச முடியுமா என்பவையே என் கேள்விகள். அனுபவம் உள்ளவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.

ஆழியாற்றுத் தோப்புக்காரன், பொள்ளாச்சி

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். எனக்கு மேல்வரிசையில் இடப்பக்கத்துக் கோரைப்பல்லில் இதே சிக்கல் இருந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் கோவையில் அறுவை செய்துகொண்டேன். என்னிடம் மருத்துவர் முதலில் கேட்டது, எந்தக் கையால் பல் துலக்குகிறீர்கள் என்பதுதான். வலக்கைக்காரர்கள் பலருக்கு இடப்பக்கக் கோரைப்பல்லின் மீதுதான் பிரஷின் அழுத்தம் அதிகமாக விழுமாம். நான் கடின வகைப் பிரஷ் வாங்குவேன். மூன்றே வாரத்தில் அதன் இழைகள் துடைப்பம் போல விரிந்துவிடும். அதை அவரிடம் எடுத்துப்போய்க் காட்டினேன். இந்தக் கை மாறாமல் அறுவை செய்து பயனில்லை என்று சொல்லி, ஒரு மாதம் மென்மையான பிரஷைப் பிடித்து ஈறிலிருந்து பல்லின் நுனியை நோக்கி உருட்டித் துலக்கப் பழக்கிய பிறகுதான் நாள் கொடுத்தார்.

எனக்கு அண்ணத்தின் மேல்தோலை உரிக்கவில்லை. ஒரே ஒரு கீறல் போட்டு, உள்ளிருந்து இணைப்புத் திசுவை மட்டும் எடுத்துக்கொண்டு மேலே தைத்துவிட்டார்கள். பல்லருகே இருந்த ஈறைத் தளர்த்தி, அந்தத் துண்டை அடியில் வைத்து, ஈறை அதன் மேல் கொண்டுவந்து மூடித் தைத்தார்கள். முதல் இரண்டு நாள் கன்னம் வீங்கியிருந்தது. பத்து நாளைக்குக் குழைய வடித்து ஆறவைத்த அரிசிம்பருப்புச் சாதமும், தேங்காய்ப்பால் ஊற்றிய சந்தகையும்தான் உணவு. இன்று ஐஸ் போட்ட கரும்புச்சாறு குடித்தாலும் கூச்சம் இல்லை.

மஞ்சள்நகர் மருத்துவர், ஈரோடு

நான் ஈறு நோய்ப் பிரிவில் மேற்படிப்பு முடித்துப் பதினான்கு ஆண்டுகளாக மருத்துவம் பார்க்கிறேன். ஆசிரியை அவர்களைப் பரிசோதித்தவன் நான் அல்ல என்பதால் பொதுவாகவே எழுதுகிறேன்.

முதலில் அமுச்சியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஈறின் தடிமன் பிறப்பிலேயே ஆளுக்கு ஆள் மாறுபடும். அளவுக் கம்பியை ஈறின் விளிம்புக்குள் நுழைக்கும்போது அதன் கருமை வெளியே தெரிந்தால் அது மெல்லிய ஈறு, தெரியாவிட்டால் தடித்த ஈறு. தடித்த ஈறு உமிக்கரியின் உரசலைப் பல ஆண்டுகள் தாங்கும், மெல்லிய ஈறு தாங்காது. அதோடு கீழ் முன்பற்களின் வெளிப்பக்கத்து எலும்பு பலருக்குக் காகிதம் போலத்தான் இருக்கும்; சிலருக்கு வேரின் மேல்பகுதியில் எலும்பே இருக்காது. எலும்பு இல்லாத இடத்தில் மெல்லிய ஈறு மட்டும் போர்வையாகக் கிடக்க, அதைச் சவ்வும் இழுத்தால் ஈறு இறங்கத்தான் செய்யும்.

ஒட்டுத் திசு பிடிக்குமா என்ற கேள்விக்கான விடை, இறங்கிய ஈறைவிட, பல்லுக்கும் பல்லுக்கும் இடையில் இருக்கும் எலும்பில்தான் இருக்கிறது. 1985-இல் மில்லர் வகுத்த நான்கு வகைப் பாகுபாடும், 2011-இல் கைரோவும் உடன் ஆய்வாளர்களும் தந்து, ஈறு நோய் வகைப்பாட்டுக்கான 2017 உலகப் பயிலரங்கில் ஏற்றுக்கொள்ளப்பட்ட மூன்று வகைப் பாகுபாடும் இதையே அடிப்படையாகக் கொண்டவை. கைரோ பாகுபாட்டின்படி, பல்லிடைப் பகுதியில் இழப்பு எதுவும் இல்லையென்றால் முதல் வகை; வேர் முழுவதும் மூடப்படும் என்று எதிர்பார்க்கலாம். அங்கே ஏற்பட்ட இழப்பு வெளிப்பக்க இழப்பைவிட அதிகமாக இருந்தால் மூன்றாம் வகை. எவ்வளவு திறமையாகத் தைத்தாலும் வேர் முழுவதும் மூடாது.

காரணம் எளிது. பல்லின் வேரில் இரத்த ஓட்டம் கிடையாது. பாறையின் மேல் மண்ணைப் பரப்பி நாற்று வைத்தால், பாறையின் இரு பக்கத்து நிலத்தின் ஈரத்தைக் கொண்டுதான் அது பிழைக்கும். ஒட்டுத் திசுவும் அப்படியே. முதல் இரண்டு மூன்று நாள்கள் சுற்றியுள்ள படுகையிலிருந்து கசியும் நீர்மத்தை உறிஞ்சி உயிரோடிருக்கும். அதற்குப் பிறகுதான் நுண் இரத்தக் குழாய்கள் அதற்குள் நுழையும். அந்த நாள்களில் திசு ஒரு மயிரிழை அசைந்தாலும் குழாய்கள் அறுந்துபோகும். ஆறு பூஜ்யம், ஐந்து பூஜ்யம் எனப்படும் மெல்லிய நூல்களால் இறுக்கமாகத் தைப்பதும், உதட்டை இழுத்து இழுத்துப் பார்க்காதீர்கள் என்று நாங்கள் மன்றாடுவதும் இதற்காகத்தான்.

இந்த அறுவைக்கு இரண்டு நோக்கங்கள் உண்டு. நோயாளிகள் இவற்றைப் பிரித்துப் பார்ப்பதில்லை, பல நேரங்களில் நாங்களும் பிரித்துச் சொல்வதில்லை. வேரை மூடுவது ஒன்று. உறுதியான, அசையாத ஈறின் அகலத்தையும் தடிமனையும் கூட்டுவது மற்றொன்று. தோல்பரப்போடு எடுத்து ஒட்டும் முறையைப் பியோர்ன் 1963-இல் வெளியிட்டார்; சலிவனும் அட்கின்சும் 1968-இல் அதை விரிவாக விளக்கினார்கள். அது இரண்டாவது நோக்கத்துக்கு மிகவும் ஏற்றது. லாங்கர் தம்பதியர் 1985-இல் விவரித்த, உள்ளிருந்து எடுக்கும் இணைப்புத் திசு ஒட்டு, வேரை மூடுவதற்கு இன்றும் உரைகல்லாகக் கருதப்படுகிறது. பொள்ளாச்சி நண்பருக்குச் செய்தது இந்த வழியில் வந்ததுதான்.

ஆசிரியைக்கு முதல் நோக்கம் பாதி நிறைவேறினாலும், இரண்டாவது முழுதாக நிறைவேறினால் அறுவை வெற்றிதான் என்பது என் கருத்து. ஈறு நான்கு ஆண்டுகளாக இறங்கிக்கொண்டே வந்திருக்கிறது, அசையாத ஈறே அங்கே மிஞ்சவில்லை என்றால், செய்துகொள்ளுங்கள். அதே சமயம், 1 மில்லிமீட்டர் இறங்கிப் பல ஆண்டுகளாக அப்படியே நிற்கும் ஈறுக்குக் கத்தி தேவையில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அளந்து, படம் எடுத்து வைத்துக்கொண்டால் போதும்.

விசைத்தறி வீதி, பெருந்துறை

மருத்துவர் மன்னிக்க வேண்டும். என் சித்தப்பாவுக்கு ஈறு இறங்கியதே பல் சுத்தம் செய்த பிறகுதான். அதற்கு முன்னால் பற்களுக்கு நடுவில் சந்து எதுவும் இருந்ததில்லை. சுத்தம் செய்த ஒரு மாதத்தில் ஈறு கீழே போய், பல்லுக்குப் பல் கறுப்பாக முக்கோணச் சந்து விழுந்துவிட்டது. இரண்டு பல் ஆடவும் தொடங்கிவிட்டது. நீங்களே கெடுத்துவிட்டு, பிறகு நீங்களே ஒட்டும் போடுகிறீர்கள் என்று ஊரில் பேசுவது எனக்கு முற்றிலும் தவறாகத் தெரியவில்லை. அவருக்கும் இந்த ஒட்டு அறுவை செய்ய முடியுமா?

மஞ்சள்நகர் மருத்துவர், ஈரோடு

உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. சுத்தம் செய்வதற்கு முன்பே எக்ஸ்ரே படத்தைக் காட்டி, வீக்கம் வடிந்த பிறகு ஈறு இப்படித்தான் தெரியும் என்று சித்தப்பாவிடம் சொல்லியிருக்க வேண்டும். யார் சொல்லாமல் விட்டிருந்தாலும் அது எங்கள் தொழிலின் குறைதான்.

நடந்தது இதுவாக இருக்கலாம். பல்லில் காரை, அதாவது கல்லாக இறுகிய அழுக்கு, பல ஆண்டுகளாகப் படிந்து, அதன் அடியில் கிருமிகள் பெருகி, எலும்பு ஏற்கெனவே கரைந்துவிட்டிருக்கும். ஈறு வீங்கியிருந்ததால் அந்த இழப்பு வெளியே தெரியாது. பற்களின் இடைவெளியைக் காரையே சிமென்ட் பூச்சு போல அடைத்து நிற்கும். ஆடும் பற்களை ஒன்றோடொன்று கட்டியும் வைத்திருக்கும். அதை எடுத்ததும் வீக்கம் வடிந்து, ஈறு எலும்பின் மட்டத்தை நோக்கிச் சுருங்கும். சந்து அன்றைக்குத்தான் கண்ணில் படும். அந்தக் காரையை அப்படியே விட்டிருந்தால் பற்கள் இன்னும் சில ஆண்டுகளில் தாமாகவே விழுந்திருக்கும்.

அவருக்கு ஒட்டு அறுவை பயன்படாது என்றே நினைக்கிறேன். பல்லிடை எலும்பு போய்விட்ட இடத்தில் முக்கோணச் சந்தை அடைக்க நம்பகமான அறுவை இல்லை. அவர் மெல்லும் புகையிலை போடுபவராக இருந்தால் அதை நிறுத்துவதும், சந்துக்குள் நுழையும் சிறு பிரஷால் தினமும் சுத்தம் செய்வதும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை மருத்துவரிடம் காட்டுவதுமே இருக்கும் பற்களைக் காக்கும்.

அவிநாசி அப்பா

என் மகளுக்கு 17 வயது. பல்லுக்குக் கம்பி கட்டப் போகிறோம். கம்பி கட்டினால் ஈறு இறங்கும் என்கிறார்களே, முன்கூட்டியே ஒட்டுப் போட வேண்டுமா? இன்னொன்றும் கேட்க வேண்டும். நாங்கள் சுத்த சைவம். அண்ணத்தில் எடுக்காமல் கடையில் கிடைக்கும் சவ்வை வைக்கலாம் என்று ஓரிடத்தில் சொன்னார்கள். அது எதிலிருந்து செய்யப்படுகிறது என்று கேட்டபோது தெளிவான பதில் வரவில்லை.

மலையடிவாரம், திருச்செங்கோடு

நான் பல் மருத்துவக் கல்லூரி ஒன்றில் ஈறு நோய்ப் பிரிவில் கற்பிக்கிறேன். அவிநாசி அன்பர் கேட்டது மிகச் சரியான கேள்வி. அதற்குத் தெளிவான பதில் பெறுவது அவருடைய உரிமை.

தயாராகக் கிடைக்கும் பொருள்களில் கொலாஜன் சவ்வுகளும் அடுக்குகளும் பெரும்பாலும் பன்றி அல்லது மாட்டின் திசுவிலிருந்து எடுக்கப்படுபவை. செல் நீக்கிய தோல் அடுக்கு எனப்படுவது வழக்கமாகத் தானமாகப் பெற்ற மனிதத் தோலிலிருந்து செய்யப்படுவது. வேரின் மீது தடவும் எனாமல் புரதக் களிம்பு பன்றிக்குட்டியின் வளரும் பல்முளையிலிருந்து பெறப்படுகிறது. சைவமோ, வேறு சமய நம்பிக்கையோ உள்ளவர்களிடம் இதைச் சொல்லிச் சம்மதம் பெற்ற பிறகே பயன்படுத்த வேண்டும் என்று என் மாணவர்களிடம் கண்டிப்பாகச் சொல்வேன். உங்களுக்கு ஏற்றவை இரண்டு. ஒன்று உங்கள் மகளின் அண்ணத்துத் திசு. மற்றொன்று அவளுடைய இரத்தத்திலிருந்தே செய்யும் பைப்ரின் சவ்வு. கையிலிருந்து எடுத்த இரத்தத்தை உறைதடுப்பு மருந்து எதுவும் சேர்க்காத குழாயில் ஊற்றி, நிமிடத்துக்கு 2700 சுற்று வீதம் 12 நிமிடம் சுழற்றினால், நடுவில் மஞ்சள் நிறத்தில் நுங்கு போன்ற ஓர் உறைவு கிடைக்கும். அதை மெல்ல அழுத்தினால் சவ்வாகிவிடும். 2001-இல் ஷுக்ரூன் குழுவினர் அறிமுகப்படுத்திய முறை இது. அண்ணத்துப் புண் ஆறுவதற்கு இது நன்றாக உதவுகிறது. ஆனால் ஈறின் தடிமனையும் அகலத்தையும் கூட்டுவதில் இணைப்புத் திசுவுக்கு ஈடாகாது.

கம்பி கட்டும் எல்லோருக்கும் ஈறு இறங்காது. பல்லை எலும்பின் எல்லையைத் தாண்டி உதட்டுப் பக்கமாகத் தள்ளும்போது, அங்கே ஈறும் மெலிந்திருந்தால்தான் ஆபத்து. பற்சீரமைப்பு மருத்துவரும் ஈறு மருத்துவரும் சேர்ந்து பார்த்து, எந்தப் பல் எந்தப் பக்கம் நகரப் போகிறது என்பதை வைத்து முடிவு செய்யட்டும்.

ஆசிரியையின் விஷயத்தில் ஈரோட்டு நண்பரிடமிருந்து சற்று மாறுபடுகிறேன். தோல்பரப்போடு ஒட்டினால் அண்ணத்தின் நிறமே அங்கேயும் நிலைத்து, சைக்கிள் டியூபில் பஞ்சர் ஒட்டியது போலத் தனியாகத் தெரியும். அண்ணத்திலும் திறந்த புண் இருக்கும். ஈறைக் கிழிக்காமல் உள்ளே சுரங்கம் போல வழி செய்து இணைப்புத் திசுவை நுழைத்தால் நிறமும் பொருந்தும், வலியும் குறையும். மேற்பரப்பு எப்படி அமைய வேண்டும் என்பதை அடியிலுள்ள இணைப்புத் திசுவே தீர்மானிக்கிறது என்று 1970-களில் காரிங் குழுவினர் காட்டியிருப்பதால், உள்ளே வைத்த திசு காலப்போக்கில் உறுதியான ஈறை உருவாக்கும் என்றும் எதிர்பார்க்கலாம்.

இழந்த திசு மறுபடியும் வளர்வதைக் குறிக்கும் மீளுருவாக்கம் என்ற சொல்லையும் இங்கே எச்சரிக்கையோடு கையாள வேண்டும். வேர் மூடப்பட்டுவிட்டதாலேயே எலும்பும், பல்லைத் தாங்கும் நாரும், வேரை மூடும் சிமென்ட்டம் என்ற கடினப் படலமும் புதிதாக வளர்ந்துவிட்டன என்று பொருளல்ல. நுண்நோக்கியில் பார்த்தால், ஒட்டுத் திசு பெரும்பாலும் நீண்ட மேல்தோல் பிணைப்பாலும் நார்த் திசுவாலும்தான் வேரோடு ஒட்டியிருக்கிறது. எனாமல் புரதக் களிம்பு சேர்த்த இடங்களில்தான் உண்மையான மீளுருவாக்கத்தின் அடையாளங்கள் தெளிவாகக் காணப்பட்டன. நோயாளிக்கு இரண்டுமே உறுதியான ஈறாகத்தான் தெரியும். ஆனாலும் நாம் சொல்லும் சொல் சரியாக இருக்க வேண்டும்.

மஞ்சள்நகர் மருத்துவர், ஈரோடு

சுரங்க முறையை மேல்வரிசையில் நானும் விரும்பியே செய்கிறேன். ஆனால் அவருக்குச் சவ்வு இழுக்கிறது, அசையாத ஈறே இல்லை, உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவிலுள்ள பள்ளமும் ஆழமில்லாமல் இருக்கும் என்று அவர் எழுதியதிலிருந்து ஊகிக்கிறேன். அந்த நிலையில் சவ்வை விடுவித்து, பள்ளத்தை ஆழப்படுத்தி, தோல்பரப்போடு ஒட்டுவதே நிலைத்து நிற்கும். கீழ் முன்பல்லின் ஈறு சிரிக்கும்போது பெரும்பாலும் வெளியே தெரியாது என்பதால், நிற வேறுபாட்டுக்காக உறுதியை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. வாயைப் பார்த்தவர் அவருடைய மருத்துவர்தான். இரண்டில் எது என்பதை அவரே சொல்லட்டும்.

பாரியூர் ஆசிரியை, கோபிசெட்டிபாளையம்

இங்கே படித்தவற்றைக் குறித்துக்கொண்டு போய் என் மருத்துவரிடம் கேட்டேன். என் பல்லிடை எலும்பு குறையாமல் இருப்பதைப் படத்தில் காட்டினார். பள்ளம் ஆழமில்லை என்பதையும் உறுதி செய்து, தோல்பரப்போடு ஒட்டுவது என்றே முடிவு செய்தார். முழு ஆண்டு விடுமுறை தொடங்கிய மறுவாரம் அறுவை நடந்தது. ஒரு மணி நேரத்துக்கும் சற்று மேல் ஆயிற்று. ஊசி போட்டது மட்டுமே வலித்தது.

தையல் நூல் வந்த உறையின் மெல்லிய தகட்டைக் கத்தரித்து, கீழே திசு தேவைப்படும் இடத்தில் வைத்துப் பார்த்து அளவு எடுத்தார்கள். அதே தகட்டை அண்ணத்தில் வைத்துச் சுற்றிலும் கோடு கீறி, அந்த அளவுக்கு எடுத்தார்கள். நான் கேட்டதால் ஈரத் துணியில் வைத்துக் காட்டினார். என் சுண்டுவிரல் நகத்தைவிடச் சற்று அகலமாக, ஒன்றரை மில்லிமீட்டர் தடிமனில், இளஞ்சிவப்பாக இருந்தது. இவ்வளவு சிறியதா என்று வியந்தேன். அண்ணத்துப் புண்ணை மறைக்க முன்பே அச்செடுத்துச் செய்திருந்த பிளாஸ்டிக் தகட்டை மாட்டிவிட்டார்கள். அது இல்லாமலிருந்திருந்தால் சாப்பிட்டிருக்கவே முடியாது.

இன்று மூன்றாம் நாள். அச்சத்தோடுதான் எழுதுகிறேன். ஒட்டிய இடம் தண்ணீரில் ஊறிய பஞ்சு போல வெளுத்திருக்கிறது, மேலே ஏதோ உரிகிறது. அழுகிவிட்டதா? அம்மா மஞ்சளைக் குழைத்து வைக்கச் சொல்கிறார்.

மஞ்சள்நகர் மருத்துவர், ஈரோடு

அழுகவில்லை, பயப்படாதீர்கள். பழைய மேல்தோல் உரிந்து போவது வழக்கம். அடியிலுள்ள திசு உயிரோடிருந்தால் ஓரிரு வாரத்தில் சிவந்து, பிறகு புதிய தோல் மூடும். துர்நாற்றம், சீழ், காய்ச்சல், கூடிக்கொண்டே போகும் வலி இவற்றில் ஏதாவது இருந்தால் மட்டும் உடனே உங்கள் மருத்துவரை அழையுங்கள். எங்கள் ஊர் மஞ்சள் மீது எனக்கும் பெருமதிப்பு உண்டு. ஆனால் இப்போது அங்கே விரலே படக் கூடாது. அந்தப் பல்லைத் துலக்க வேண்டாம். எழுதிக் கொடுத்த குளோர்ஹெக்சிடின் நீர்மத்தை வாயில் வைத்திருந்து, வேகமாகக் கொப்பளிக்காமல் மெல்ல வெளியே விடுங்கள். பற்களில் பழுப்புக் கறை படியும், பின்னால் எடுத்துவிடலாம். நேற்று எத்தனை முறை உதட்டை இழுத்துப் பார்த்தீர்கள் என்று நான் கேட்கவில்லை. இனிப் பார்க்க வேண்டாம்.

பாரியூர் ஆசிரியை, கோபிசெட்டிபாளையம்

ஏழு மாதம் கழித்து எழுதுகிறேன். தாமதத்துக்கு மன்னிக்கவும். பதினான்காம் நாள் தையல் பிரித்தார்கள். அண்ணத்துப் புண் மூன்று வாரத்தில் மூடிவிட்டது. பள்ளி திறந்த அன்று வகுப்பில் நின்று பாடம் நடத்துவதில் எந்தச் சிரமமும் இருக்கவில்லை. ஒட்டிய துண்டு முதல் மூன்று மாதத்தில் நன்றாகச் சுருங்கியது. அது இயல்புதான் என்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்ததால் அஞ்சவில்லை. நிறம் சுற்றுப்புறத்தைவிட வெளிறியே இருக்கிறது. திருச்செங்கோட்டு மருத்துவர் எழுதியது சரிதான். ஆனால் உதட்டை மடித்துக் காட்டினால்தான் தெரியும்.

சென்ற சனிக்கிழமை அளந்தார்கள். 3 மில்லிமீட்டராக இருந்தது இப்போது 1 மில்லிமீட்டர். அதே நாற்காலியில் உட்காரவைத்து, அதே போலக் கண்ணாடியைக் கையில் கொடுத்து உதட்டை இழுத்தார். உதடு மட்டும் வந்தது. ஈறு வெளுக்கவும் இல்லை, அசையவும் இல்லை. அம்மாவுக்கும் காட்டச் சொல்லிக் காட்டினோம். மிச்சமிருக்கும் அந்த 1 மில்லிமீட்டருக்கு இன்னோர் அறுவை வேண்டியிருக்குமா?

மஞ்சள்நகர் மருத்துவர், ஈரோடு

மிக்க மகிழ்ச்சி. இப்போது வேண்டாம். தோல்பரப்போடு ஒட்டிய இடங்களில் ஈறின் விளிம்பு மாதக்கணக்கில் தானாகவே மெல்ல மேலேறுவது உண்டு. ஊர்ந்தேறும் பிணைப்பு என்று இதைச் சொல்வோம். எல்லோருக்கும் நடப்பதில்லை, ஆனால் கீழ் முன்பற்களில் நானே பலமுறை பார்த்திருக்கிறேன். மென்மையான பிரஷ், உருட்டித் துலக்கும் பழக்கம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை காரை நீக்கம் ஆகியவற்றைத் தொடருங்கள். அடுத்த முழு ஆண்டு விடுமுறையில் மறுபடியும் அளந்து, எண்ணை இங்கே எழுதுங்கள்.